யார் கையில் எந்தச் சுரம்?

இசைக்குச் சாதி இல்லை என்பது நல்ல வாக்கியம். மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கருவிக்குச் சாதி உண்டு. கருவியைத் தொடுகிற கைக்குச் சாதி உண்டு. கருவிக்காகத் தோல் உரிக்கிற கைக்கு அதைவிடக் கூடுதலாகவே உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசக்காட்டில் பிறந்த யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. எந்தத் தெருவில் நாயனம், எந்தத் தெருவில் தவில், எந்தத் தெருவில் கொட்டு என்பதைப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே படித்துவிடுகிறார்கள்.

இங்கே நான் கேட்க நினைப்பது ஒரு சின்னக் கேள்வி. தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் கையில் முதன்முதலாக ஓர் இசைக்கருவியைக் கொடுக்கிறோம் என்றால் எதைக் கொடுப்பது? யாருக்கும் சொந்தமில்லாத, வரலாறு ஒட்டாத ஒரு கருவியையா? நம் பாட்டன் நெருப்பில் காய்ச்சி அடித்த பறையையா? முதலாவதைச் சமத்துவம் என்கிறார்கள் சிலர். இரண்டாவதை விடுதலை என்கிறார்கள் வேறு சிலர். இரண்டையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல.

கேள்வி வந்த விதத்தைச் சொல்கிறேன். திருச்சுழிப் பக்கம் ஒரு காலனியில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம். அதே பிள்ளைகள் பகலில் படிக்கிற தொடக்கப்பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை எங்களுக்குக் கொடுத்தார்கள். பாட்டு, கதை, விளையாட்டு, எதுவானாலும் செய்துகொள்ளலாம். தொடக்கப்பள்ளிக்கு இசை ஆசிரியர் என்று யாரும் கிடையாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்பது 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குத்தான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். தமிழக அரசு 2012-இல் 16,549 பகுதிநேரப் பயிற்றுநர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தபோதும் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைகளுக்கு அதில் பங்கு வரவில்லை. பாட்டு வகுப்புக்குப் பணம் கட்டி அனுப்புகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒரு குறையே இல்லை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இல்லையென்றால் எங்கும் இல்லை.

அப்போதுதான் வெளியூர் நண்பர் ஒருவர் ஒரு பை நிறைய வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குழாய்களைக் கொண்டுவந்து இரவல் கொடுத்தார். பூம்வேக்கர் என்று பெயராம். அமெரிக்காவில் கிரெய்க் ராம்செல் என்பவர் 1994-இல் ஓர் அட்டைக் குழாயைக் கழிவுக்குப் போடுவதற்காக வெட்டும்போது, துண்டுக்குத் துண்டு ஓசை மாறுவதைக் கவனித்து உண்டாக்கியது. உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் குழாய். உள்ளங்கையிலோ தொடையிலோ தரையிலோ தட்டினால் அதற்குரிய ஒரு சுரம் மட்டும் வரும். நீளமான குழாய்க்குக் கட்டைச் சுரம், குட்டைக்குக் கீச்சுச் சுரம். ஒரு குழாய்க்கு ஒரு சுரம், ஒரு பிள்ளைக்கு ஒரு குழாய். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால்தான் ஒரு பாட்டு. உலகம் முழுக்கத் தொடக்கப்பள்ளிகளில் இதை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள்.

இரவல் குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாங்களே செய்துகொண்டோம். ஏன் திருப்பிக் கொடுத்தோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். கிணற்று மோட்டாருக்குப் போடுகிற பி.வி.சி. பைப்தான், ஒன்றரை அங்குலம். 63 சென்டிமீட்டரில் வெட்டினால் ச. 56-இல் ரி. 49.5-இல் க. 41.5-இல் ப. 36.5-இல் த. மேல் ச வேண்டுமென்றால் 63-இல் சரிபாதி போதாது. குழாயின் வாய்க்கு வெளியேயும் காற்று கொஞ்சம் அசைகிறது என்பதால் பாதியிலும் ஒரு சென்டிமீட்டர் குறைத்து 30.5-இல் வெட்ட வேண்டும். ஆறையும் கூட்டினால் 277 சென்டிமீட்டர். 10 அடி பைப் ஒன்றில் ஒரு முழு வரிசை முடிந்து ஒரு சாண் சொச்சம் மிஞ்சும். இந்த ஐந்து சுரமும் மோகனம். சபாக்காரர்கள் ராகம் என்பார்கள். நம் ஆத்தாமார் தாலாட்டிலும் நடவுப் பாட்டிலும் காதில் விழுந்துகொண்டே இருப்பதுதான். எந்தக் குழாயை எப்போது அடித்தாலும் அதிகம் கரகரக்காது. பிள்ளைக்குப் பயம் போய்விடும். சித்திரை வெயிலில் காற்று சூடேறினால் சுரம் கொஞ்சம் மேலே போகிறது. ஆனால் வெயில் எல்லாக் குழாய்க்கும் ஒரே விகிதத்தில்தான் ஏறுகிறது, பாட்டு கெடுவதில்லை.

இதற்கு வந்த எதிர்வினை மூன்று. மூன்றும் மூன்று கொள்கை.

மதுரையிலிருந்து வந்த தோழர் சொன்னார்: "என்ன தோழர் இது? பறை பிறந்த மண்ணுல அமெரிக்காக்காரன் பைப்ப எடுத்துத் தட்டிக்கிட்டு இருக்கீங்க? சேரிப் பிள்ளைக கையில பறையைக் கொடுங்க. அதுதான் நம்ம கலகக் கருவி."

காலனியில் ஒரு தாய் சொன்னார்: "ஏத்தா, எம்பிள்ளையப் படிக்கத்தான அனுப்புறேன். கொட்டடிக்கவா அனுப்புறேன்? அந்தச் சனியன விட்டு ஒழிச்சிட்டுத்தான் எங்க வீட்டாளு திருப்பூருக்குப் போயிருக்காரு. நீ படிச்ச பிள்ள, நீயே மறுபடி கையில எடுத்துக் குடுக்காத. இந்தப் பைப்பு பரவால்ல."

பள்ளிக்கூடத்து ஆசிரியர் சொன்னார்: "பைப்தாங்க நல்லது. அதுக்குச் சாதியுமில்ல, வம்புமில்ல. யார் வீட்டுப் பிள்ளையும் தொடலாம். பறைன்னு கொண்டாந்தீங்கன்னா நாளைக்கே ஊர்க்காரங்க வந்து நிப்பாங்க."

ஆசிரியரிடமிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அவர் சொல்வது நல்ல மனசோடு சொல்வது, அரசாங்கம் சொல்வதும் அதுவே. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது இந்தத் தெற்கில் என்ன நடந்தது என்பது தெரிந்ததுதான். ஒரு தேவேந்திரர் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள், தீ வைத்தார்கள். கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. நம் மாவட்டம் காமராசர் மாவட்டமாக இருந்து விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான். மறுத்தவனைத் தண்டிப்பதற்குப் பதில் பெயரையே அழித்துவிட்டால் அமைதி. ஆசிரியர் சொல்கிற சாதியற்ற குழாயும் இந்த வகையைச் சேர்ந்த அமைதிதான். தொட மறுக்கிறவனை ஒன்றும் கேட்காமல், தொட மறுக்கப்படுகிற பொருளை அறையிலிருந்து வெளியேற்றிவிடுவது. அதற்குப் பெயர் சமத்துவம் அல்ல, ஒத்திவைப்பு.

அதுமட்டுமல்ல, குழாய்க்கு வரலாறு இல்லை என்பதே பொய். கரீபியன் கடலில் டிரினிடாட் தீவில், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட ஆப்பிரிக்க மக்கள் திருவிழாவில் தோல்பறை அடித்ததைக் கண்டு வெள்ளைக்கார அரசு பயந்தது. 1881-இல் தெருவில் போலீசோடு மோதல் நடந்தது. அதைத் தொடர்ந்து 1880-களில் பறைக்குத் தடை போட்டார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? மூங்கிலை வெவ்வேறு நீளத்தில் வெட்டித் தரையில் குத்தி அடித்தார்கள். நீளமான மூங்கிலுக்குக் கட்டை ஓசை, குட்டைக்குக் கூர்மை. தம்பு பம்பு என்று அந்த இசைக்குப் பெயர். இன்று உலகமே கொண்டாடுகிற ஸ்டீல் பான் இசை அந்த வழியில் வந்ததுதான். ஆக, ஓசைக்காக அளந்து வெட்டிய குழாய், அங்கே தடைசெய்யப்பட்ட பறையின் தம்பி. அதே தீவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போன நம் சனங்கள் கையோடு தப்பையும் கொண்டுபோனார்கள். கயானாவின் மாரியம்மன் கோயில்களில் இன்றும் அதற்குத் தப்பு என்றே பெயர்.

பிள்ளைகளுக்கான இசைக்கல்வி என்று உலகம் மெச்சுகிற முறையிலும் கறை உண்டு. ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப் 1924 முதல் மியூனிக் நகரத்துப் பள்ளி ஒன்றில் வேலை செய்து, குனில்ட் கீட்மேனோடு சேர்ந்து உருவாக்கிய முறை அது. பிள்ளைக்கு முதலில் ஐந்து சுரம் போதும், தவறான சுரக் கட்டையைக் கழற்றி வைத்துவிடலாம் என்பது அதன் அழகான யோசனை. எங்கள் ஐந்து சுரக் குழாய்க்கும் அந்த யோசனைக்கும் உறவுண்டு. அதே ஓர்ஃப்தான், யூதர் என்பதால் மெண்டல்சனின் இசையை நாஜிகள் விலக்கி வைத்த காலத்தில், ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றுக்கு மெண்டல்சன் இசைக்குப் பதிலாகத் தன் இசையை எழுதிக் கொடுத்தவர். 1939-இல் அது அரங்கேறியது. ஒருவனைப் பிறப்பைச் சொல்லி வெளியேற்றிய இடத்தில் இன்னொருவர் போய் உட்கார்ந்தார். அதனால் அந்த முறையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. களங்கமில்லாத கருவி ஒன்று எங்கோ வானத்திலிருந்து விழும், அதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் நம் வேலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

*

இப்போது அந்த வண்ணக் குழாய்களைத் திருப்பிக் கொடுத்த கதை. கடையில் விற்கிற குழாயில் சுரத்துக்கு ஒரு நிறம். ச சிவப்பு, க மஞ்சள், ப பச்சை என்று வரும். எழுத்துத் தெரியாத பிள்ளையும் நிறத்தைப் பார்த்து அடிக்கலாம் என்பதற்காக. நல்ல ஏற்பாடு, வேறு ஊருக்கு. எங்கள் பள்ளியில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் நீட்டிய குழாயை வாங்கவில்லை. "அது அவங்க கலரு டீச்சர்" என்றான். இன்னொருவன் இரண்டு குறிப்பிட்ட நிறக் குழாய்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நண்பர்களைப் பார்த்துச் சிரித்தான். சேர்த்துப் பிடித்தால் அது கயிறு. கையில் கட்டுகிற கயிறு.

தென்மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டி வருவதைப் பற்றி 2019-இல் பள்ளிக் கல்வித்துறையே சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்ததும் அது அப்படியே அமுங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. அந்தக் கயிறு மேல்நிலைப் பள்ளியில்தான் தொடங்குகிறது என்று நினைப்பவர்கள் எங்கள் நாலாம் வகுப்பை வந்து பார்க்கலாம். பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போதே பிள்ளையின் கண்ணில் சாதி ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கண் பார்க்கும்போது பிளாஸ்டிக்குக்கும் சாதி வந்துவிடுகிறது. சாதி பொருளில் இல்லை தோழர்களே, பொருளை ஆளுக்கு ஆள் ஒதுக்குகிற முறையில் இருக்கிறது. அதனால்தான் நாங்கள் குழாய்க்கடைச் சாம்பல் நிறத்தையே வைத்துக்கொண்டு, மேலே எண்ணை மட்டும் எழுதினோம்.

*

இனிமேல்தான் உண்மையான சிக்கல். ஒரு பிள்ளைக்கு ஒரு சுரம் என்கிற ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள். ஒருத்தி ச மட்டும் அடிப்பாள். இன்னொருத்தன் ப மட்டும். அவரவர் முறை வரும்போது அவரவர் அடிக்க வேண்டும், மற்ற நேரம் சும்மா இருக்க வேண்டும். அப்போதுதான் பாட்டு. இதைக் கேட்டதும் எனக்கு எங்கோ கேட்டதுபோல் இருந்தது. வருணத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் காலம் காலமாகச் சொல்வதும் இதையேதான். "அவனவன் வேலைய அவனவன் பார்த்தா ஊரு சுருதி சேந்து இருக்கும். ஒனக்கு ஒரு சுரம், எனக்கு ஒரு சுரம். இதுல ஒசத்தி என்ன, தாழ்த்தி என்ன?" கேட்க இனிமையாகத்தான் இருக்கும். எங்கள் தாத்தாவுக்கு வந்த சுரம் சாவுக்கொட்டு. கூலி நாலு படி கம்பும், தலையாரி வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று வாங்கிய பழைய சோறும்.

இந்த இனிமையான வாதத்தின் கழுத்தைப் பிடித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1936-இல் லாகூரில் பேசுவதற்காக எழுதி, பேசவிடப்படாமல் தாமே அச்சிட்ட உரையில், சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலைசெய்கிறவர்களைப் பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குவது என்று காட்டினார். வேலையைப் பங்கிடாத சமூகம் எங்குமில்லை. பங்கு பிறப்போடு ஒட்டிக்கொள்வதும், அதை மாற்ற முடியாமல் போவதும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதும்தான் சாதி. ஆகவே குழாய் வகுப்பு சமத்துவப் பாடமா, வருணாசிரமப் பாடமா என்பதைக் குழாய் தீர்மானிப்பதில்லை. குழாய் கைமாறுகிறதா என்பது தீர்மானிக்கிறது. நாங்கள் ஒரு விதி வைத்தோம். ஒரு பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் குழாயை இடப்பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும். யாருக்கும் நிரந்தரச் சுரம் கிடையாது. இந்த விதி இல்லாமல் நடக்கிற குழாய் வகுப்பை நான் ஏற்கமாட்டேன், எத்தனை அழகாக வாசித்தாலும்.

ஒரு நிகழ்ச்சி இதை எனக்கு இன்னும் தெளிவாக்கியது. எங்கள் பக்கம் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடப் போகிற குடும்பங்கள் உண்டு. போனால் வாரக்கணக்கில் அந்தக் காட்டிலேயே தங்கல், பிள்ளைகளும் கூடவே. ஒரு வெள்ளிக்கிழமை ப அடிக்கிற பிள்ளை வரவில்லை. பாட்டைத் தொடங்கினார்கள். ப வரவேண்டிய இடமெல்லாம் பல் விழுந்த வாய்போலப் பொக்கை. அவள் இருந்தபோது அவளை ஒருவரும் கவனித்ததில்லை. இல்லாதபோது எல்லாருக்கும் கேட்டது. இரண்டாவது தடவை அடிக்கும்போது ஊர்த்தெருப் பையன் ஒருவன் தரையில் கிடந்த அந்தக் குழாயை எடுத்து, "நான் ரெண்டையும் பாத்துக்கிறேன் டீச்சர்" என்று இரண்டு கையிலும் இரண்டு குழாயோடு நின்றான். மூன்று வாரம் கழித்துக் கரி படிந்த நகத்தோடு அந்தப் பிள்ளை வந்தாள். பழைய ப குழாயை அவள் கேட்கவில்லை. "எனக்கு நீளமானது வேணும்" என்றாள். கொடுத்தார்கள்.

இதை எங்கள் அய்யாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தாத்தா காலத்தில் எங்கள் தெரு ஆட்கள் இனிமேல் சாவுக்குக் கொட்டடிக்க வரமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த கதையைச் சொன்னார். மறுவாரமே ஊரில் ஒரு பெரிய வீட்டுச் சாவு. அன்றைக்கும் பொக்கைதான். ஊருக்கே கேட்டது. "அன்னைக்கு அந்தப் பறைய ஊர்க்காரங்கள்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், எடுத்து அடிச்சிருந்தாம்னா நானே போய் அவனோட சேந்து அடிச்சிருப்பேன்த்தா. ஒருத்தன் தொடல. வேன வச்சு வெளியூர்லருந்து நம்மாளுகளையே கூட்டிட்டு வந்தாக." அதன்பிறகு காட்டுவேலை இல்லை, கடையில் கடன் இல்லை, கண்மாய்க்கரையில் மாடு ஏறக்கூடாது என்று வரிசையாக வந்தது. அது எல்லா ஊர்க் கதையும்தான்.

ஒரு சமூகம் சுரங்களைப் பகிர்கிறதா, பிறப்பால் ஒட்டுகிறதா என்று அறிய அய்யா சொன்னதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியவில்லை. ஒருவர் தன் கருவியைக் கீழே வைத்தால் இன்னொருவர் கை அதை எடுக்கிறதா? எடுத்தால் அது இசை. எடுக்காமல், வைத்தவனையே அடித்து எடுக்கச் சொன்னால் அது சாதி. வகுப்பறையில் அந்தப் பையன் குழாயை எடுத்தான். அவனுடைய பாட்டன் பறையை எடுக்கவில்லை.

*

இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு மதுரைத் தோழருக்கும் அந்தத் தாய்க்கும் பதில் சொல்ல வேண்டும்.

பறையின் பழமை பற்றித் தமிழ் படித்த எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையை வைக்கிறது. குறிஞ்சிக்கும் பறை, மருதத்துக்கும் பறை. அதாவது பறை ஒரு காலத்தில் எல்லா நிலத்துக்கும் சொந்தம். அது ஒரு தெருவுக்கு மட்டும் என்று ஆனது பின்னால் நடந்த சதி. 1990-களில் சாவுக்கொட்டை மறுத்த அதே இயக்கம்தான் பறையை விடுதலைக் கருவியாக மேடையேற்றியது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில், ஆண்கள் மட்டுமே தொட்ட பறையைத் தலித் பெண்கள் இடுப்பில் கட்டி ஆடியபோது அந்தக் கருவியின் பொருளே மாறியது. மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நமக்குப் பெருமைதான்.

ஆனால் மேடையில் பறை, ஊரில் கொட்டு என்று ஒரே கருவி இரண்டு பெயரில் வாழ்கிறது. நகரத்தில் அதை அடித்தால் கலைஞன். ஊரில் அடித்தால் இன்னமும் பழைய விளிப்புத்தான். அந்தத் தாய் வாழ்வது ஊரில். அவரிடம் போய், உன் மகன் பறை அடிப்பது விடுதலை என்று மேடை மொழியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கணவர் பறையைக் கீழே வைத்ததும் ஒரு விடுதலைச் செயல். அதை நம் பண்பாட்டு அரசியலுக்காக ரத்துசெய்ய நமக்கு உரிமை இல்லை. பிணம் சுமக்கவும் குழிதோண்டவும் ஒரு தலித்தைக் கட்டாயப்படுத்துவது 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கட்டாயத்தை எதிர்த்து இவ்வளவு தூரம் வந்தபிறகு, பெருமையின் பெயரால் நாமே ஒரு கட்டாயத்தை வைக்கலாமா? பிறப்பைக் காட்டி, இது உன் கருவி, நீ அடி என்று சொல்கிற வாய் ஊர் நாட்டாமையுடையதாக இருந்தாலும் தோழருடையதாக இருந்தாலும் சொல்கிற விஷயம் ஒன்றுதான்.

அப்படியானால் பறையை விட்டுவிடலாமா? விடக்கூடாது. இங்கேதான் ஆசிரியரோடு முரண்படுகிறேன். பறையை எடுக்க வேண்டிய கடமை நம் பிள்ளைகளுக்கு இல்லை. அதைத் தொட வேண்டிய கடமை மற்றத் தெருப் பிள்ளைகளுக்கு உண்டு. பாரத்தை இடம் மாற்றுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பறை வரட்டும். குழாயைப்போலவே அது வரிசையில் கைமாறட்டும். நம் பிள்ளை "எனக்கு வேண்டாம்" என்றால் அடுத்த பிள்ளை எடுக்கட்டும். குழாயின் நீளத்தை அளந்து வெட்டக் கற்றதுபோல, வட்டச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை இழுத்து ஒட்டவும், நெருப்பில் வாட்டி விறைக்க வைக்கவும், சிம்புக்குச்சி எது அடிக்குச்சி எது என்று அறியவும் எல்லாரும் கற்கட்டும். தோல் நாறும். நாறட்டும். மிருதங்கத்திலும் அதே தோல்தான். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் இல்லாமல் எந்தக் கச்சேரியும் இல்லை. அதைச் செய்கிற தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா எழுதிய புத்தகத்தின் வெளியீட்டுக்கு 2020-இல் கலாக்ஷேத்ரா கொடுத்த அரங்கையே திரும்பப் பெற்றுக்கொண்டது. தோலின் ஓசை வேண்டும், தோலின் வரலாறு வேண்டாம். நம் பிள்ளைகளின் வகுப்பறையும் அந்த அரங்கமாகிவிடக்கூடாது.

இன்னொன்று, பறை கற்பிக்க வருகிறவருக்கு ஆசிரியர் நாற்காலியும் ஆசிரியர் சம்பளமும் வேண்டும். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடம் நெடுங்காலமாக நடக்கிறது. இந்த ஏழில் பறை இல்லை. தமிழிசை இயக்கம் 1940-களில் தமிழ்ப் பாட்டுக்காகப் போராடியபோதும் சேரியின் தோற்கருவி அதன் கணக்கில் வரவில்லை. ஆண்டுவிழாவுக்கு ஒருநாள் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, பின்வாசல் வழியாக அனுப்புகிற மரியாதை நமக்கு வேண்டாம். அது பழைய திண்ணைக்குக் கீழே நிற்க வைத்ததின் புது வடிவம்.

இப்போதைய நிலவரத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆண்டுவிழாவில் குழாய் இசை வைக்கலாம் என்று பள்ளியில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பறைக்கு "அடுத்த வருசம் பாப்போம்" என்கிறார்கள். மேடையேறுவதா, மறுப்பதா என்று எங்களுக்குள் விவாதம். மறுத்துவிட வேண்டும் என்கிறார் தோழர். ஏற வேண்டும் என்பது என் கருத்து, இரண்டு நிபந்தனைகளோடு. பாட்டுக்குப் பாட்டு மேடையிலேயே எல்லார் கண்முன்னும் குழாய் கைமாற வேண்டும். பாடுவதற்கு முன்னால் ஒரு பிள்ளை நின்று, பறைக்குத் தடைபோட்ட நாட்டில் மக்கள் மூங்கிலை வெட்டி அடித்த கதையை ஊர்ச்சனம் கேட்கச் சொல்ல வேண்டும். கதையைச் சொல்ல ஐந்து பிள்ளைகள் கை தூக்கியிருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் ஊர்த்தெரு. அடுத்த வருசம் பறை எங்கே என்று அந்த இருவரில் ஒருவராவது கேட்டால், நாங்கள் கேட்பதைவிட அது ஊரில் உரக்கக் கேட்கும்.

வேறு ஊர்களில் பிள்ளைகளோடு வேலை செய்கிற தோழர்கள் இதற்கு மறுப்பும் எழுத வேண்டும், அனுபவமும் எழுத வேண்டும். முக்கியமாக, பறையைக் கீழே வைத்த குடும்பங்களில் பிறந்த தோழர்கள். விவாதிப்போம்.